ஒரே கம்பி, இரண்டு பில்

பிரிட்டனில் ஒரு வீடு, மின்சாரம் வாங்கும் நிறுவனத்தை மாற்றிக்கொள்ளும்போது தெருவில் யாரும் பள்ளம் தோண்டுவதில்லை. வீட்டுக்குள் வரும் கம்பி மாறுவதில்லை. மீட்டரைக் கழற்றுவதில்லை. விளக்கு ஒரு நொடிகூட அணைவதில்லை. எரிவாயுவிலும் இதே கதைதான். பழைய குழாயில் பழைய அழுத்தத்தில் வாயு வந்துகொண்டே இருக்கிறது. ஆனால் குறித்த நாளின் நள்ளிரவு தாண்டியதும் அதற்கான பணம் வேறொரு நிறுவனத்துக்குப் போகத் தொடங்குகிறது. அப்படியானால் கம்பியில் வந்த மின்சாரத்தில் பழைய நிறுவனம் விற்றது எது, புதிய நிறுவனம் விற்றது எது? அதை யார், எப்படிப் பிரிக்கிறார்கள்?

மின்சாரத்தை யாரும் பிரிப்பதில்லை, பிரிக்கவும் முடியாது. பிரிக்கப்படுவது மீட்டரில் ஓடும் எண் மட்டுமே. மாறும் நாளில் மீட்டர் காட்டும் எண்ணில் ஒரு கோடு விழுகிறது. அதுவரை ஓடியது பழைய நிறுவனத்தின் கணக்கு, அதன்பின் ஓடுவது புதிய நிறுவனத்தின் கணக்கு. இறுதி பில் சரியா தவறா என்பது பெரும்பாலும் இந்த ஓர் எண்ணைப் பொறுத்தது.

கம்பி ஒருவருடையது, கணக்கு வேறொருவருடையது

மின்சாரம் ஆலையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பலர் கைமாறி வருகிறது. உற்பத்தி செய்பவர் ஒருவர். உயர் அழுத்தக் கோபுரங்கள் வழியே நாடு முழுதும் கடத்துபவர் இன்னொருவர். ஊருக்குள் கம்பி இழுத்துப் பராமரிப்பவர் மற்றொருவர். பிரிட்டன் இதற்காக 14 விநியோகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. இவர்களில் யாரையும் வீட்டுக்காரரால் மாற்ற முடியாது. அவர் மாற்றக்கூடியது கடைசிக் கண்ணியை மட்டும்தான். அந்தக் கடைசிக் கண்ணிக்கு ‘விற்பனை நிறுவனம்’ என்று பெயர் வைத்துக்கொள்ளலாம். சந்தையில் மொத்தமாக வாங்கி, வீடுகளுக்குச் சில்லறையாக விற்று, பில் அனுப்புவது அதன் வேலை.

வீடுகளுக்கான எரிவாயுச் சந்தை 1996 முதல் 1998 வரையிலும், மின்சாரச் சந்தை 1998 - 1999 ஆண்டுகளிலும் படிப்படியாகப் போட்டிக்குத் திறந்துவிடப்பட்டன. அன்றிலிருந்து எந்த வீடும் தனக்குப் பிடித்த விற்பனை நிறுவனத்திடம் போகலாம். ஆஃப்ஜெம் என்ற ஒழுங்குமுறை அமைப்பு இதற்கான விதிகளை வகுக்கிறது.

வலையமைப்பில் எல்லா ஆலைகளின் மின்சாரமும் ஒன்றாகக் கலந்துவிடுவதால், யார் எவ்வளவு விற்றார்கள் என்பதைக் கணக்கில்தான் கண்டுபிடிக்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு நாளும் அரை மணி நேரம் வீதம் 48 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் ஒரு நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் எவ்வளவு செலவழித்தார்கள், அந்த நிறுவனம் சந்தையில் எவ்வளவு வாங்கியிருந்தது என்று ஒப்பிட்டு, குறைந்ததற்கும் கூடியதற்கும் பணம் தீர்க்கப்படுகிறது. எலெக்ஸான் என்ற அமைப்பு இந்தத் தீர்வை நடத்துகிறது. எந்த வீடு எந்த நிறுவனத்தின் கணக்கில் இருக்கிறது என்பதைச் சொல்வது இணைப்பு எண். மின்சாரத்துக்கு அது 13 இலக்கம்; எரிவாயுவுக்குத் தனி எண் உண்டு. இந்த எண் வீட்டோடு ஒட்டியது. குடியிருப்பவர் மாறினாலும் நிறுவனம் மாறினாலும் அப்படியே இருக்கும். நிறுவனம் மாறுவது என்றால், நடைமுறையில், இந்த எண்ணுக்கு எதிரே பதிவேட்டில் இருக்கும் பெயர் மாறுவதுதான்.

கோடு போடும் எண்

மாறும் நாளில் எடுக்கும் ரீடிங்கை ‘எல்லை அளவீடு’ எனலாம். பழைய நிறுவனத்துக்கு அது முடிவு. புதிய நிறுவனத்துக்கு அதுவே தொடக்கம். எண் ஒன்றுதான், வேலை இரண்டு.

2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த மத்திய மாற்றப் பதிவேட்டால், இப்போது ஒரு வீடு ஐந்து வேலை நாள்களுக்குள் நிறுவனம் மாறிவிட முடிகிறது. வீட்டுக்காரர் பழைய நிறுவனத்திடம் போய்ச் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. புதிய நிறுவனமே பதிவேட்டில் மாற்றத்தைப் பதிந்து, மாறும் தேதியை அவருக்குத் தெரிவிக்கும். அந்தத் தேதியில், அல்லது அதை ஒட்டிய ஓரிரு நாள்களில், மீட்டர் ரீடிங்கைக் கேட்கும்.

அந்த ரீடிங் நேராகப் பில்லுக்குப் போய்விடுவதில்லை. முதலில் அது நம்பத்தக்கதா என்று சோதிக்கப்படுகிறது. முந்தைய ரீடிங்கோடு, அந்த வீட்டின் வழக்கமான செலவைக் கூட்டினால் எவ்வளவு வரும் என்று பார்க்கிறார்கள். கிடைத்த எண் அதற்குப் பக்கத்தில் இருந்தால் ஏற்றுக்கொள்ளப்படும். வெகுதூரம் விலகியிருந்தால் நிராகரிக்கப்பட்டு, கணித்த எண் ஒன்று அதன் இடத்தில் வைக்கப்படும். ஏற்றுக்கொண்ட எண் பழைய நிறுவனத்துக்கும் அனுப்பப்படும். பழைய நிறுவனம் தன் இறுதி பில்லை அந்த எண்ணில்தான் முடிக்க வேண்டும். பழைய நிறுவனத்திடம் தனியாக ஒரு ரீடிங் கொடுத்திருந்தும் இறுதி பில்லில் வேறு எண் இருப்பதைக் கண்டு பலர் குழம்புவது இதனால்தான்.

மீட்டரைச் சரியாகப் படிப்பது

எண்ணைப் பார்த்து எழுதுவது எளிய வேலைபோலத் தெரியும். பழைய மீட்டர்களில் அது அத்தனை எளிதல்ல.

வட்ட முகங்கள் வரிசையாக இருக்கும் முள் மீட்டரில், அடுத்தடுத்த முட்கள் எதிரெதிர்த் திசையில் சுழலும். ஒவ்வொரு வட்டத்திலும் முள் கடைசியாகத் தாண்டிய எண்ணை எழுத வேண்டும். முள் 9-க்கும் 0-க்கும் நடுவில் இருந்தால் 9. முள் மிகச் சரியாக 5-இன் மேல் நின்றால், உடனே 5 என்று எழுதிவிடக் கூடாது. வலப்பக்கத்து வட்டத்தைப் பார்க்க வேண்டும். அதன் முள் இன்னும் 0-வைத் தாண்டாமல் 9-இல் இருந்தால், இடப்பக்கத்து முள் 5-ஐ இன்னும் எட்டவில்லை என்று பொருள். 4 என்றே எழுத வேண்டும். ஆயிரத்தின் இடத்தில் இந்தத் தவறு நேர்ந்தால் ஆயிரம் யூனிட் கூடிவிடும். சிவப்பு நிற முகத்தையும், எண் மீட்டரில் சிவப்பாக இருக்கும் அல்லது புள்ளிக்குப் பின் வரும் இலக்கங்களையும் விட்டுவிட வேண்டும். முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விடாமல் எழுத வேண்டும்.

இரவு நேரத்துக்குக் குறைந்த விலை தரும் ‘எக்கானமி 7’ திட்டத்தில் மீட்டர் இரண்டு எண்கள் காட்டும்: பகல் ஒன்று, இரவு ஒன்று. நிறுவனம் மாறும்போது இவை இரண்டும் இடம் மாறிப் பதிவாகிவிட்டால், இரவுச் செலவெல்லாம் பகல் விலையில் வந்து நிற்கும். எந்த எண் எந்த நேரத்துக்கு உரியது என்று மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்வது இந்த வீடுகளுக்குக் கட்டாயம்.

எரிவாயு மீட்டரில் இன்னொரு வேறுபாடு உண்டு. புதியவை கன மீட்டரில் அளக்கும். பழையவை நூறு கன அடியில் அளக்கும். நூறு கன அடி என்பது ஏறக்குறைய 2.83 கன மீட்டர். கன அடியில் அளக்கும் மீட்டரை நிறுவனத்தின் பதிவேடு கன மீட்டர் கணக்கில் வைத்திருந்தால் பில் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும்; தலைகீழாக இருந்தால் மூன்று மடங்கை நெருங்கும். மீட்டரின் முகத்தில் எந்த அளவு அச்சாகியிருக்கிறதோ, அதுவே பில்லிலும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எண் கிடைக்காதபோது

யாரும் ரீடிங் கொடுக்காவிட்டாலும் கோடு விழுந்தே ஆக வேண்டும். அப்போது கணக்கிட்டு ஊகித்த எண் வரும். இதை ‘மதிப்பீட்டு அளவீடு’ என்கிறோம். இது கண்ணை மூடிக்கொண்டு போட்ட எண் அல்ல. அந்த வீட்டில் முன்பு எடுத்த ரீடிங்குகளிலிருந்து ஓராண்டுச் செலவு எவ்வளவு என்று கண்டு, அதை அதுபோன்ற வீடுகளின் பருவகால வழக்கப்படி நாள்களுக்குப் பங்கிடுகிறார்கள். எரிவாயுவில் அந்த நாள்களின் குளிரும் கணக்கில் சேரும்; பிரிட்டனில் வீட்டைச் சூடாக்குவதற்கே எரிவாயு பெரிதும் செலவாகிறது.

இந்த முறை லட்சக்கணக்கான வீடுகளைச் சேர்த்துப் பார்க்கும்போது நன்றாகவே பொருந்துகிறது. ஒரு வீட்டில் கூடியது இன்னொரு வீட்டில் குறைந்து சமனாகிவிடும். ஆனால் பில் தனித்தனி வீட்டுக்குத்தான் போகிறது. சுவர்களுக்கு வெப்பக் காப்பு போட்ட வீட்டுக்கோ, பிள்ளைகள் படிப்புக்காக வெளியூர் போய்விட்ட வீட்டுக்கோ சென்ற ஆண்டின் வழக்கம் பொருந்தாது. சராசரி சரியாக இருந்தும் அந்த வீட்டின் பில் தவறாக இருக்கும்.

லீட்ஸில் ஒரு வீடு

கற்பனையான ஒரு வீட்டை வைத்துக் கணக்கை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். லீட்ஸ் நகரில் இருக்கும் அந்த வீட்டின் எரிவாயு மீட்டர் கன மீட்டரில் அளக்கிறது. அக்டோபர் 1 அன்று அது காட்டியது 04210. ஜனவரி 1 அன்று வீடு நிறுவனம் மாறுகிறது. அன்று காலை மீட்டர் காட்டுவது 04570. பழைய நிறுவனத்தின் விலை யூனிட்டுக்கு 7 பென்ஸ், புதிய நிறுவனத்தின் விலை 5.5 பென்ஸ் என்று வைத்துக்கொள்வோம்.

மூன்று மாதத்தில் ஓடியது 360 கன மீட்டர். பில்லோ கன மீட்டரில் வருவதில்லை. கிலோவாட் மணியில், அதாவது நாம் ‘யூனிட்’ என்று சொல்லும் அளவில் வருகிறது. விற்கப்படுவது வாயுவின் பருமன் அல்ல, அதிலிருந்து கிடைக்கும் வெப்பம். ஆகவே பருமனை வெப்பமாக மாற்ற வேண்டும்.

முதல் படி, வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்குமான திருத்தம். வாயு குளிர்ந்தால் சுருங்கும், சூடேறினால் விரியும். ஒவ்வொரு வீட்டிலும் வெப்பமானி வைக்க முடியாததால், வீட்டு மீட்டர்களுக்கெல்லாம் 1.02264 என்ற ஒரே பெருக்கெண்ணை விதி நிர்ணயித்திருக்கிறது. 360 கன மீட்டர் இதனால் 368.15 ஆகிறது. இரண்டாம் படி, வெப்ப மதிப்பு: ஒரு கன மீட்டர் வாயு எரிந்தால் எத்தனை மெகாஜூல் வெப்பம் தரும் என்ற எண். வடகடல் வாயு, நார்வேயிலிருந்து குழாயில் வருவது, கப்பலில் திரவமாக வருவது எனப் பல இடங்களின் வாயு கலப்பதால் இது இடத்துக்கு இடம், நாளுக்கு நாள் சற்றே மாறும், பில்லில் அச்சிட்டிருப்பார்கள். இங்கே 39.2 என்று கொண்டால், மொத்த வெப்பம் ஏறத்தாழ 14,431 மெகாஜூல். ஒரு யூனிட் என்பது 3.6 மெகாஜூல். வகுத்தால் 4,009 யூனிட்.

இனி பணம். 4,009 யூனிட்டுக்கு 7 பென்ஸ் வீதம் 280.63 பவுண்டு. இதோடு, பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் நாள்தோறும் வரும் நிலைக் கட்டணம் உண்டு. நாளுக்கு 30 பென்ஸ் என்றால் 92 நாளுக்கு 27.60 பவுண்டு. கூட்டினால் 308.23. வீடுகளுக்கான வரி 5 சதவீதம் சேர்த்தால் 323.64 பவுண்டு. மாதம் 120 பவுண்டு வீதம் வங்கியிலிருந்து ஏற்கெனவே பிடித்தது 360. ஆக, நிறுவனம் திருப்பித் தர வேண்டியது 36.36 பவுண்டு.

இப்போது இதே வீட்டில் யாரும் ரீடிங் கொடுக்கவில்லை. மதிப்பீடு 04650 என்று வந்தது என்று கொள்வோம். எண்பது கன மீட்டர் கூடுதல். யூனிட் 4,009 அல்ல, 4,900. மொத்த பில் 389.13 பவுண்டு. 36.36 பவுண்டு திரும்ப வர வேண்டிய வீடு, 29.13 பவுண்டு கட்ட வேண்டிய வீடாகிவிட்டது. மீட்டரும் மாறவில்லை, எரித்த வாயுவும் மாறவில்லை.

தவறான ஓர் எண், முரண்படும் இரண்டு எண்கள்

அந்த வீடு உண்மையில் எவ்வளவு இழந்தது? உடனே தோன்றும் பதில் இரண்டு பில்களுக்கும் உள்ள வித்தியாசமான 65.49 பவுண்டு. அது சரியல்ல.

புதிய நிறுவனமும் 04650-இலிருந்துதான் கணக்கைத் தொடங்குகிறது. மீட்டர் உண்மையில் 04570-இல் நிற்பதால், அடுத்த 80 கன மீட்டர் ஓடி முடியும் வரை புதிய நிறுவனத்தின் கணக்கு ஏறாது. அந்த 891 யூனிட்டைப் புதிய நிறுவனம் கேட்காது. பழைய நிறுவனம் அதற்கு முன்கூட்டியே வாங்கிவிட்டது. புதிய விலையில், வரியோடு 51.46 பவுண்டு கொடுத்திருக்க வேண்டிய வாயுவுக்குப் பழைய விலையில் 65.49 பவுண்டு கொடுத்தாயிற்று. உண்மையான இழப்பு 14.03 பவுண்டு.

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. எல்லை அளவீடு தவறாக இருந்தாலும், இரு நிறுவனங்களும் அதே எண்ணை வைத்திருந்தால், வாயு ஒருமுறைதான் விற்கப்படும். பிழையின் விலை இரு கட்டணங்களின் இடைவெளி மட்டுமே. மதிப்பீடு உண்மையைவிடக் குறைவாக இருந்து, புதிய விலையும் குறைவாக இருந்தால் வீட்டுக்குச் சிறிது லாபம்கூட வரும்.

இரு நிறுவனங்களிடமும் வெவ்வேறு எண்கள் இருந்தால் நிலைமை வேறு. பழைய நிறுவனம் 04650-இல் முடிக்கிறது. புதிய நிறுவனம் 04570-இல் தொடங்குகிறது. நடுவில் உள்ள 80 கன மீட்டரை இருவருமே விற்றதாகக் கணக்கு காட்டுகிறது. ஒரே வாயுவுக்குப் பழைய நிறுவனத்திடம் 65.49, புதிய நிறுவனத்திடம் 51.46 என்று இரண்டு முறை பணம் போகிறது. 65.49 பவுண்டு முழுதும் இழப்பு. இது தானாகச் சரியாகாது.

ஆகவே இறுதி பில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொகையை அல்ல. பழைய நிறுவனத்தின் கடைசி பில்லில் உள்ள முடிவு எண்ணும், புதிய நிறுவனத்தின் முதல் பில்லில் உள்ள தொடக்க எண்ணும் ஒன்றா என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஒன்று என்றால், அடுத்து அது மீட்டரின் புகைப்படத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். இவற்றில் எது பொருந்தாவிட்டாலும் இரண்டு நிறுவனங்களும் பேசி ஓர் எண்ணுக்கு உடன்படும் நடைமுறை உண்டு. சாதாரணமாகப் புதிய நிறுவனமே அதைத் தொடங்கிவைக்கும். தேதி தெரியும் புகைப்படம் இருந்தால் வாதம் விரைவில் முடியும்.

இறுதி பில்லும் அதன் கெடுவும்

மாறிய நாளிலிருந்து ஆறு வாரத்துக்குள் பழைய நிறுவனம் இறுதி பில்லை அனுப்ப வேண்டும். மிச்சப் பணம் இருந்தால், பில் வந்த பத்து வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். தவறினால் வாடிக்கையாளர் கேட்காமலே இழப்பீடு தர வேண்டும் என்பது ஆஃப்ஜெம் விதி. இறுதி பில் தீரும்வரை வங்கியிலிருந்து பணம் பிடிக்கக் கொடுத்த உத்தரவை ரத்து செய்யாமல் இருப்பது நல்லது. திரும்ப வரும் பணமும் பெரும்பாலும் அந்த வழியாகவே வருகிறது.

ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே விலகினால் வெளியேற்றக் கட்டணம் பில்லில் ஏறலாம். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசி 49 நாள்களில் மாறுபவரிடம் அதை வாங்கக் கூடாது. முன்பணம் செலுத்தும் மீட்டர் உள்ள வீடுகள், புதிய நிறுவனம் அனுப்பும் சாவியையோ அட்டையையோதான் பயன்படுத்த வேண்டும். பழையதில் பணம் ஏற்றினால் அது பழைய நிறுவனத்துக்கே போய்விடும். இந்த வீடுகளில் ஓர் எரிபொருளுக்கு 500 பவுண்டு வரை கடன் இருந்தாலும் அதோடு சேர்த்து நிறுவனம் மாற வழி உண்டு.

பல மாதம் கழித்துப் பழைய நிறுவனம் விட்டுப்போன கணக்கு என்று ஒரு பில் அனுப்பினால், தவறு நிறுவனத்துடையதாக இருக்கும்பட்சத்தில், 12 மாதத்துக்கு முன் செலவான ஆற்றலுக்கு அது பணம் கேட்க முடியாது. புகார் எட்டு வாரத்தில் தீராவிட்டால் எரிசக்தி ஆம்புட்ஸ்மன் என்ற நடுவரிடம் கட்டணமின்றிப் போகலாம்.

ஸ்மார்ட் மீட்டர் வந்தபின்

ஸ்மார்ட் மீட்டர் தன் எண்ணைத் தானே அனுப்புகிறது. நாள்தோறும் ஓடிய எண்ணைச் சேமித்தும் வைக்கிறது. மாறிய நள்ளிரவில் மீட்டர் என்ன காட்டியது என்பதைப் பின்னாலும் எடுத்துப் பார்க்கலாம். இருந்தும் முதல் தலைமுறை ஸ்மார்ட் மீட்டர்களில் பல, நிறுவனம் மாறியதும் புதிய நிறுவனத்தோடு பேச முடியாமல் சாதாரண மீட்டராகிவிட்டன. இரண்டாம் தலைமுறை மீட்டர்கள் எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான ஒரே தகவல் வலையில் இயங்குகின்றன; முதல் தலைமுறை மீட்டர்களையும் அந்த வலையில் சேர்த்து வருகிறார்கள். எது இருந்தாலும் ரீடிங்கை மீட்டரிலேயே பார்க்க வேண்டும். சமையலறையில் வைத்திருக்கும் சிறு திரை செலவைப் பவுண்டில் காட்டும். எல்லை அளவீட்டுக்கு அது போதாது.

நிறுவனம் மாறாமலே கோடு விழும் நாள்

இரு விலைகளின் நடுவே கோடு விழும்போதெல்லாம் இதே கணக்குதான். 2022 ஏப்ரல் 1 அன்று பிரிட்டனில் வீட்டு எரிசக்தியின் விலை உச்சவரம்பு 54 சதவீதம் உயர்ந்தது. அதற்கு முந்தைய நாளே பழைய விலையில் எவ்வளவு ஓடியது என்று பதிவுசெய்துவிட மக்கள் முண்டியடித்ததில் பெரிய நிறுவனங்களின் இணையதளங்கள் முடங்கின. 2021-இன் பிற்பகுதியில் இருபதுக்கும் மேற்பட்ட விற்பனை நிறுவனங்கள் திவாலானபோது, அவற்றின் வாடிக்கையாளர்களை ஆஃப்ஜெம் வேறு நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. மின்சாரம் எங்கும் நிற்கவில்லை. அந்த வாடிக்கையாளர்களுக்குச் சொல்லப்பட்ட முதல் அறிவுரை, மீட்டர் ரீடிங்கைக் குறித்து வையுங்கள் என்பதே.

விலை மாறினாலும் நிறுவனம் மாறினாலும் குடியிருப்பு மாறினாலும், அந்த நாளில் மீட்டரின் எண்ணும் அதன் வரிசை எண்ணும் தெரியும்படி ஒரு புகைப்படம் எடுத்து, இரு பில்களும் வந்து பொருந்தும்வரை பத்திரப்படுத்த வேண்டும். இதற்கு ஒரு நிமிடம் போதும். எவ்வளவு நல்ல மதிப்பீடும் அந்தப் படத்துக்கு ஈடாகாது.